காய்ந்தால் விரியும் குடை

மஞ்சள் பூ பூக்கும் டான்டிலியன் செடியின் வெள்ளை விதைப்பந்தைக் கண்டால் ஊதிப் பார்க்கத்தான் கை நீளும். ஆனால் விதை சேகரிக்க நினைப்பவர் அந்தப் பந்து விரியும்வரை காத்திருந்தால் பாதி காற்றோடு போய்விடும். எப்போது பறிக்க வேண்டும் என்பதைச் செடியே காட்டிக்கொடுக்கும்.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். இலைகள் தரையோடு படிந்து வட்டமாக விரிந்திருக்கும். அவற்றின் ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டிருப்பதால்தான் பிரெஞ்சு மொழியில் ‘சிங்கப்பல்’ என்ற பெயர் வந்தது. அதுவே மருவி டான்டிலியன் ஆயிற்று. பூத்தண்டு உள்ளே குழாய்போல வெறுமையாக இருக்கும், கிள்ளினால் பால் வடியும். அதில் இலையோ கிளையோ இருக்காது, நுனியில் ஒரே ஒரு பூதான். தண்டு கிளைத்திருந்தால் அது வேறு செடி.

அந்த ஒரு பூவும் உண்மையில் ஒரு கூட்டம். இது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. மஞ்சள் இதழ்போலத் தெரியும் ஒவ்வொன்றும் தனிப் பூ. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விதை மட்டும் கொண்ட சிறு கனி உருவாகிறது. நாம் விதை என்று சொல்வது இந்தக் கனியைத்தான்.

பூத்து முடிந்ததும் பூந்தலை இறுக மூடிக்கொள்கிறது. மீண்டும் மொட்டாகிவிட்டதோ என்று தோன்றும். உள்ளே கனிகள் முற்றுகின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய காம்பு நீண்டு, அதன் உச்சியில் ஏறக்குறைய 100 இழைகள் கொண்ட குஞ்சம் வளர்கிறது. பூத்தண்டும் இன்னும் உயர்கிறது, காற்று நன்றாகப் படும் இடத்துக்கு.

இந்தக் குஞ்சம் எனக்கு அலுக்காத அதிசயம். குடை என்று சொன்னாலும் அதில் துணி கிடையாது. 90 சதவீதத்துக்கும் மேல் வெற்றிடம். பிறகு எப்படி மிதக்கிறது? எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் இதற்கு விடை கண்டார்கள். இழைகளின் இடுக்கில் புகுந்து மேலேறும் காற்று, குஞ்சத்துக்குச் சற்று மேலே வளையமாகச் சுழல்கிறது. இழைகளைத் தொடாமல் நிற்கும் அந்தச் சுழல், விதை விழும் வேகத்தை நொடிக்கு ஏறக்குறைய 40 சென்டிமீட்டராகக் குறைத்துவிடுகிறது. ஈரக்காற்றில் இழைகளின் அடிப்பகுதி நீரை உறிஞ்சி உப்புவதால் குஞ்சம் மடங்கிக்கொள்கிறது. காய்ந்ததும் மறுபடி விரிகிறது.

சேகரிக்கும் முறையும் இதிலிருந்தே கிடைக்கிறது. மூடிய தலையின் நுனியில் வாடிய மஞ்சள் இதழ்கள் கொத்தாக ஒட்டியிருக்கும். அவை உதிர்ந்து வெள்ளைக் குஞ்சம் எட்டிப்பார்க்கும்போது, பனி உலர்ந்த பிறகு தண்டோடு வெட்டிக் காகித உறையில் போடுங்கள். ஓரிரு நாளில் உறைக்குள்ளேயே விரியும். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பிறகு குஞ்சங்களை ஒருசேரப் பிடித்து இழுத்தால் விதைகள் கழன்றுவரும். பழுப்பு நிற விதைகளை வைத்துக்கொள்ளலாம், வெளிறியவை முற்றாதவை. விதைக்கும்போது மண்ணை மேலே கனமாக மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் உதவுகிறது.

எந்தச் செடியிலிருந்து எடுத்தது என்பதையும் உறையில் எழுதிவையுங்கள். பல டான்டிலியன்கள் மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் விதை வைப்பவை. அப்படிப்பட்ட விதையிலிருந்து வருவது தாய்ச்செடியின் மரபணு நகல்தான்.