ஆடுவது அவர்கள், அடித்துக்கொள்வது நம் நெஞ்சு

1994 ஜூலை 17. உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப்போட்டி. பிரேசிலும் இத்தாலியும் 120 நிமிடம் மோதியும் ஒரு கோல்கூட விழவில்லை. பெனால்டி ஷூட்அவுட்டில் இத்தாலியின் ராபர்ட்டோ பாஜியோ உதைத்த பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்தது; கோப்பை பிரேசிலுக்குப் போனது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த இரு தரப்பு ஆண் ரசிகர்கள் சிலரிடம், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வாளர்கள் எச்சில் மாதிரி எடுத்திருந்தார்கள். பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறியிருந்தது. இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. அவர்களில் ஒருவர்கூட பந்தைத் தொடவில்லை.

சிறிய ஆய்வுதான். ஆனால் தன் அணி தோற்ற இரவில் தூக்கம் வராமல் புரண்டு படுத்தவர்களுக்கு அது சொல்வது புதிதாக இருக்காது. “விளையாட்டுதானே, விடு” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். மனதுக்குப் புரியும், உடம்பு கேட்காது.

ஏன் கேட்பதில்லை? ‘நான்’ என்று மூளை போடும் வட்டம் நம் தோலோடு முடிந்துவிடுவதில்லை. குடும்பம், நண்பர்கள், நாம் சேர்ந்திருக்கும் கூட்டம் எல்லாம் அதற்குள் வரும். பல வருடம் பின்தொடர்ந்த அணியும் அப்படித்தான் உள்ளே வந்துவிடுகிறது. அப்புறம் அணிக்கு வரும் ஆபத்து நமக்கே வந்த ஆபத்தாகிவிடும். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. கூடவே கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் சுரக்கிறது. ஓடவோ சண்டையிடவோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. களத்தில் இருப்பவர் அதை ஓடியே தீர்த்துவிடுகிறார். பார்ப்பவரோ அத்தனையையும் உட்கார்ந்த இடத்தில் சுமக்கிறார். ஆட்டம் முடிந்த கையோடு படுக்கைக்குப் போனால் தூக்கம் பிடிக்காததில் வியப்பில்லை. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்து படுத்தால் உடம்பு அடங்கும்.

சிலருக்கு இது தூக்கம் கெடுவதோடு நிற்பதில்லை. 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது, மியூனிக் வட்டாரத்தில் இதயக் கோளாறால் அவசர சிகிச்சை தேவைப்பட்டவர்களை மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் அந்த எண்ணிக்கை மற்ற நாட்களைவிட 2.66 மடங்கு இருந்தது, ஆண்களில் 3.26 மடங்கு. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் உச்சம். ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கே ஆபத்து மிக அதிகம். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால், பெரிய ஆட்டத்தன்று மாத்திரையை வேளைக்குப் போட்டாரா என்று தயவுசெய்து கேளுங்கள். நெஞ்சு வலித்தால் “ஆட்டம் முடியட்டும்” என்று காத்திருக்க விடாதீர்கள்.

சரி, இந்த ஒட்டுதல் எங்கே வலுக்கிறது? 1976-இல் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து இதைப் பார்த்தார்கள். கல்லூரி அணி வென்ற வார இறுதிக்குப் பின் வரும் திங்கட்கிழமைகளில் கல்லூரிப் பெயர் போட்ட உடைகள் வகுப்பறையில் கூடுதலாகத் தென்பட்டன. தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், வென்ற ஆட்டத்துக்கு “நாம் ஜெயித்தோம்”. தோற்ற ஆட்டத்துக்கு “அவர்கள் தோற்றார்கள்”. அந்த ஆய்வில் என்னை நிறுத்தியது வேறொன்று. கேள்விக்கு முன் சிறிய தேர்வு வைத்து, சிலரிடம் “நீங்கள் சரியாகச் செய்யவில்லை” என்று சொல்லியிருந்தார்கள். “நாம்” கூடியது முக்கியமாக அவர்களிடம்தான். தன் மதிப்பில் அடி விழும்போது அணியின் புகழை இறுகப் பிடித்துக்கொள்கிறோம். வேலையிலோ வீட்டிலோ மனம் சரியில்லாத வாரத்தில் வரும் தோல்வி ஏன் அவ்வளவு வலிக்கிறது என்பதற்கு இதில் ஒரு விடை இருப்பதாக நினைக்கிறேன்.

அப்படியானால் பற்றைக் குறைத்துக்கொள்வதுதான் வழியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனதார ஓர் அணியோடு நிற்பது நல்ல விஷயம். முன்பின் தெரியாதவரோடு ஒரே நொடியில் கத்தவும் கட்டிக்கொள்ளவும் வாழ்க்கையில் வேறு எத்தனை வாய்ப்பு கிடைக்கும்? திருத்த வேண்டியது பார்வையின் அகலத்தை.

உளவியலாளர்கள் திமோதி வில்சன், டேனியல் கில்பர்ட் உள்ளிட்டோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆட்ட முடிவு அடுத்த சில நாட்களுக்குத் தங்கள் மகிழ்ச்சியை எவ்வளவு மாற்றும் என்று கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ரசிகர்கள் முன்கூட்டியே கணித்தார்கள். கணித்த அளவுக்கு எதுவும் நீடிக்கவில்லை. எதிர்காலத்தை நினைக்கும்போது மனக்கண்ணில் அந்த ஓர் ஆட்டம் மட்டுமே நிற்கிறது; அதே நாட்களில் படிப்பு, நண்பர்கள், சாப்பாடு, தூக்கம் எல்லாம் இருக்கும் என்பது மறந்துபோகிறது. வேறு சிலரிடம், கணிக்கும் முன், வரப்போகும் ஒரு நாளில் என்னென்ன செய்வீர்கள், எவ்வளவு நேரம் செய்வீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். அவர்களுடைய கணிப்பு நிதானமாக இருந்தது. அணி மீதான அன்பைக் குறைக்கும்படி யாரும் அவர்களைக் கேட்கவில்லை. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு, மறுநாள் செய்யப்போவதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

எதிரணி ரசிகரைப் பார்க்கும் பார்வையையும் இப்படி அகலமாக்க முடியும். இங்கிலாந்தில் உளவியலாளர் மார்க் லெவினும் சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இது. மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகர்களை, தங்கள் அணியை ஏன் பிடிக்கும் என்று எழுதவைத்து, அடுத்த கட்டடத்துக்கு நடந்து போகச் சொன்னார்கள். வழியில், ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்தபடி, மெதுவோட்டம் ஓடிவரும் ஒருவர் வழுக்கி விழுந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வலியில் கத்துவார். யுனைடெட் சட்டை போட்டிருந்தால் உதவி கிடைத்தது. பரம வைரியான லிவர்பூலின் சட்டை என்றால் பெரும்பாலோர் நடையைக் கட்டினார்கள். அடுத்த சோதனையில் ஒரே ஒரு மாற்றம்: அணியைப் பற்றி எழுதாமல், கால்பந்து ரசிகராக இருப்பதைப் பற்றி எழுதச் சொன்னார்கள். இப்போது லிவர்பூல் சட்டைக்காரருக்கும் கை நீண்டது, ஏறத்தாழ யுனைடெட்காரருக்கு நீண்ட அளவுக்கே. எந்த அணியின் பெயரும் இல்லாத சாதாரணச் சட்டை போட்டவருக்கு மட்டும் அப்போதும் குறைவாகத்தான் நீண்டது.