நிவாரணம்: சொல்லும் அதன் எல்லையும்

நிவாரணம் வடசொல். தடுத்தல், விலக்குதல், போக்குதல் என்பவை அதன் பொருள்கள். ‘வலி நிவாரணி’ என்ற வழக்கில் இந்தப் பொருள் இன்றும் பளிச்சென்று தெரியும். மாத்திரை வலியைப் போக்கும். முறிந்த எலும்பைக் கூட்டாது. வெள்ள நிவாரணமும் அவ்வளவே: சோறு, போர்வை, கைச்செலவுக்குப் பணம்.

இதற்கு நேரான தமிழ் ‘துயர்துடைப்பு’. குறள் 788 ‘இடுக்கண் களைவதாம்’ என்கிறது. துடைப்பது கண்ணீரை; களைவது வேரோடு. வீடும் தெருவும் திரும்ப எழுவதைச் சொல்ல ‘புனரமைப்பு’ என்று எழுதுகிறோம். அதில் ‘புனர்’ வடமொழி, ‘அமைப்பு’ தமிழ். ‘மீள்கட்டுமானம்’ அல்லது ‘மீளமைப்பு’ போதும். மனிதர்களின் பிழைப்பு திரும்புவது ‘மறுவாழ்வு’. இலங்கையில் ‘புனர்வாழ்வு’ என்ற சொல், 2009க்குப் பிறகு முன்னாள் போராளிகள் வைக்கப்பட்ட முகாம்களோடு ஒட்டிக்கொண்டது. பேரிடரைப் பற்றி எழுதும்போது அதைத் தவிர்ப்பது நல்லது.

சொற்களைப் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் 61ஆம் பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அந்த வரியில் மீள்கட்டுமானம் இல்லை. சமத்துவத்தையும் பாகுபாடின்மையையும் சொல்லும் அரசமைப்பின் 14, 15ஆம் பிரிவுகள் மீள்கட்டுமானத்துக்கும் செல்லுபடியாகும். ஆனால் அநீதி பெரும்பாலும் நடப்பது சோற்றுப் பொட்டலத்தில் அல்ல, வீட்டுக் கணக்கெடுப்பில்.

2022–26 காலத்துக்கான பேரிடர் நிதி விதிகளைப் பாருங்கள். சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு, அது கச்சா வீடானாலும் (மண்சுவர் போன்ற உறுதி குறைந்த கட்டுமானம்), 1,20,000 ரூபாய். குடிசைக்கு 8,000. கணக்கெடுப்பவர் எழுதும் ஒரு சொல்லில் பதினைந்து மடங்கு வித்தியாசம்! கீற்று, மண், பிளாஸ்டிக் விரிப்பு கொண்ட தற்காலிகக் கட்டுமானம், கச்சா வீட்டுக்கும் கீழானது என்றே விதி குடிசையை வரையறுக்கிறது. ஆகவே மண்சுவர் எழுப்பி ஓடு வேய்ந்த வீட்டைக் குடிசை என்று எழுத விடக் கூடாது. இடிந்த வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆற்றங்கரைப் புறம்போக்கில் பட்டா இல்லாமல் இருப்பவர் இதில் விடுபட்டுவிடுவார். அப்படி இருப்பவர்களில் தலித்துகளும் இருளர்களும் எத்தனை பேர் என்பது களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். விதியில் சாதி இல்லை, விளைவில் இருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டில் 30.3.2005 அன்று வந்த வருவாய்த் துறை அரசாணை 172 இந்தப் பிளவை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறிவரும் எல்லை) 200 மீட்டருக்குள் சேதமான வீடு உள்ளவர், பழைய இடத்தை விட்டு அப்பால் போனால் புது வீடு இலவசம். இருக்கும் இடத்திலேயே இருந்தால் சொந்தச் செலவில் பழுதுபார்க்கலாம், அரசு உதவி கிடையாது. துயர்துடைப்பு இரு தரப்புக்கும் வந்தது. மீள்கட்டுமானம் மட்டும் கடற்கரையைக் கைவிடுவதற்கான விலையானது. படகும் வலையும் கரையில் இருக்க, வீடு மட்டும் எப்படித் தள்ளிப் போகும்?

வாடகைக்கு இருப்பவர் நிலை வேறு. 2023இல் மிக்ஜாம் புயலுக்குப் பின் 6,000 ரூபாய் நிவாரணம் நியாயவிலைக் கடை வழியாக, குடும்ப அட்டையை வைத்து வந்தது. அட்டை சொந்த ஊரில் இருந்தால் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

பதினைந்தாவது நிதிக்குழு மாநிலப் பேரிடர் நிதியை 100 பங்காக்கி, நிவாரணத்துக்கு 40, மீட்சிக்கும் மீள்கட்டுமானத்துக்கும் 30, ஆயத்தத்துக்கு 10, தணிப்புக்கு (பேரிடரின் பாதிப்பை முன்கூட்டியே குறைப்பதற்கு) 20 என்று பிரித்தது. பணத்திலேயே இரண்டும் தனித்தனி. மனுவிலும் அப்படியே எழுதுங்கள்: ‘நிவாரணம் வழங்குக’ என்று ஒரு கோரிக்கை, ‘மீள்கட்டுமான உதவி வழங்குக’ என்று இன்னொன்று. முதலாவதை மட்டும் எழுதினால், அரிசியும் ரொக்கமும் கொடுத்து ‘கோரிக்கை நிறைவேற்றப்பட்டது’ என்று கோப்பை முடித்துவிடலாம். இடிபாட்டை அள்ளுமுன் சுவரும் அடித்தளமும் தெரியப் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே ‘குடிசை’ என்று இருக்கிறதா, ‘வீடு’ என்று இருக்கிறதா என்பதை அன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.