ராஜினாமா கடிதத்தைப் பையிலேயே வையுங்கள், அண்ணாச்சி

கடந்த நாடாளுமன்றத் தேர்தலில் வேட்புமனுப் பரிசீலனை முடிந்த அன்று மாலை, திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் போட்ட மாலையின் ஜரிகை இழை ஒன்று சட்டைக் காலரில் இன்னும் ஒட்டியிருந்தது. பேரூராட்சித் தலைவராக இருந்தவர். இருந்தவர் என்றால், இரண்டு வாரத்துக்கு முன்பு வரை. எம்.பி. தேர்தலில் சுயேச்சையாக நிற்பதற்காகத் தலைவர் பதவி, வார்டு உறுப்பினர் பதவி இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது மனுவும் தள்ளுபடி.

“யாரு அண்ணாச்சி உங்களை ராஜினாமா பண்ணச் சொன்னது?”

“எல்லாரும் சொன்னாவ சார். பதவியில இருந்துக்கிட்டு நின்னா மனு செல்லாதுன்னு.”

இருபது வருடமாக இந்த ஊரில் வக்கீலாக வேட்புமனுக்கள் பார்க்கிறேன். இந்த ‘எல்லாரும்’ யார் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் ஒருவரையாவது வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இவரோடு என் பொறுமை போய்விட்டது.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். எம்.பி. ஆவதற்கான தகுதியின்மைகளை அரசியல் சாசனத்தின் 102-ஆவது பிரிவு சொல்கிறது. இந்திய அரசின் கீழோ, மாநில அரசின் கீழோ ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் நிற்க முடியாது. ‘அரசின் கீழ்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். பேரூராட்சித் தலைவரை அரசா நியமித்தது? வார்டு மக்கள் உறுப்பினராக்கினார்கள், உறுப்பினர்கள் தலைவராக்கினார்கள். மேயருக்கும் நகராட்சித் தலைவருக்கும் இதே கதைதான். “மாசாமாசம் மதிப்பூதியம் வருதே சார்” என்பார்கள். வரட்டும். பணம் வருவது மட்டும் போதாது, பதவி அரசின் கீழ் இருக்க வேண்டும். இதிலும் சந்தேகம் என்றால் 58-ஆவது பிரிவைப் புரட்டுங்கள். அது குடியரசுத் தலைவர் தேர்தலுக்கானது. அங்கே அரசோடு நிறுத்தாமல் உள்ளாட்சி அமைப்பின் கீழ் உள்ள பதவியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். 102-இல் அந்தச் சொற்கள் இல்லை. எழுதியவர்கள் மறந்துபோய் விட்டதல்ல அது. ஆகவே அண்ணாச்சி, நீங்கள் குடியரசுத் தலைவருக்கு நிற்பதாக இருந்தால் என்னிடம் வேறு மாதிரி பேசலாம்.

இந்த வதந்தி எங்கிருந்து பிறந்தது என்பது எனக்குத் தெரியும். அரசுப் பள்ளி ஆசிரியரோ, வருவாய்த் துறை ஊழியரோ நிற்பதென்றால் ராஜினாமா கட்டாயம். கொடுத்தால் மட்டும் போதாது, பரிசீலனைக்கு முன் அது ஏற்கப்பட்டிருக்கவும் வேண்டும். அவர்களுக்குச் சொன்ன மருந்தை நம் ஆட்கள் எடுத்துக் குடிக்கிறார்கள்.

வாசலில் நின்றவர் விடவில்லை. “காமராசரே ராஜினாமா பண்ணலியா?” என்றார். பண்ணினார். 1941-இல் சிறையில் இருந்தபடியே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, வெளியே வந்ததும் அதை விட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எம்.பி. ஆனது 1952-இல். அவர் நகராட்சியை விட்டபோது 102-ஆவது பிரிவே பிறக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். 2011-இல் நம் மாநகராட்சிக்கு மேயரான விஜிலா சத்யானந்தும், தூத்துக்குடிக்கு மேயரான சசிகலா புஷ்பாவும் 2014-இல் மாநிலங்களவைக்குப் போனார்கள். வேட்பாளராக அறிவிக்கப்பட்ட அன்று இரண்டு பேரும் மேயர்கள்தான். அவர்கள் விட்டுப்போன இடங்களுக்கு அந்த செப்டம்பரில் இடைத்தேர்தல் வந்தது. ஜெயித்துவிட்டு இரண்டு நாற்காலியில் எதை வைத்துக்கொள்வது என்று யோசிப்பது ஒரு கவலை. அந்தக் கவலை வர முதலில் ஜெயிக்க வேண்டும்.

இவரது மனு தள்ளுபடியானதற்கும் ராஜினாமாவுக்கும் சம்பந்தமே இல்லை. சுயேச்சைக்கு முன்மொழிபவர்கள் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். இவருக்கு ஊர் ஆலங்குளம் பக்கம். கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் கடையநல்லூரில் இருக்கும் சம்பந்தி வீட்டார். 2019-இல் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது இரண்டு ஊரும் அங்கே போய்விட்டன, ஒரே மாவட்டம்தானே என்று நினைத்துவிட்டார். மாவட்டம் வேறு, தொகுதி வேறு. ஆலங்குளம் இன்றும் திருநெல்வேலி நாடாளுமன்றத் தொகுதியில்தான் இருக்கிறது. கூட இருப்பவை திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம். கடையநல்லூர் தென்காசித் தொகுதி. பத்தில் இரண்டு போனால் எட்டு. எட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை, அதிகாரி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதில் வேடிக்கை, வேட்பாளர் மட்டும் நாட்டின் எந்தத் தொகுதி வாக்காளராகவும் இருக்கலாம். வெளித்தொகுதிக்காரர் என்றால் தம் பெயர் உள்ள வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகலை வைத்தால் போதும்.

வார்டு தேர்தலில் நாலு தடவை மனுப்போட்ட அனுபவம் இங்கே உதவாது. அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், இதை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். மக்களவைக்குப் படிவம் 2ஏ. சட்டமன்றத்துக்கான 2பி-யை நிரப்பிக் கொண்டுவந்தவரையும் பார்த்திருக்கிறேன். வயதும் வேறு. கவுன்சிலருக்கு 21 போதும், மக்களவைக்கு 25, மாநிலங்களவைக்கு 30. கவுன்சிலராக இருக்கும் 22 வயது மகனை எம்.பி.க்கு நிறுத்தலாமா என்று ஒரு தகப்பனார் ஜாதகத்தோடு வந்தார். ஜாதகத்தில் பிறந்த தேதியை மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.

பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26. ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். கோடு போடாதீர்கள், டிக் அடிக்காதீர்கள். ‘இல்லை’ அல்லது ‘பொருந்தாது’ என்று எழுதுங்கள். காலியிடம் விட்ட பத்திரத்தை, நினைவூட்டியும் நிரப்பாவிட்டால் தள்ளலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. “மறியல் கேஸெல்லாம் கேஸா சார்?” கேஸ்தான், எழுதுங்கள். மனைவி பெயரில் உள்ள வயலை எழுதுங்கள். சொத்துவரி பாக்கிக்கும் அதில் இடம் உண்டு. ஊருக்கெல்லாம் வரி நோட்டீஸ் அனுப்பிய தலைவர்கள் பலர் அந்த வரிக்கு வந்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

காண்ட்ராக்ட் எடுத்துக்கொண்டே தலைவரானவர்கள் நம் பக்கம் நிறைய. மத்திய அரசுக்குச் செய்யும் வேலையோ சப்ளையோ உங்கள் பெயரில் முடியாமல் கிடந்தால், மனுப்போடும் முன்பே என்னிடமோ வேறு வக்கீலிடமோ காட்டிவிடுங்கள்.

டெபாசிட் 25,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 12,500. ஒரே டெபாசிட்டில் நாலு மனு வரை போடலாம். தயவுசெய்து இரண்டாவது போடுங்கள், அதில் வேறு பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒன்று போனாலும் மற்றது நிற்கும். கைநாட்டு வைப்பவர் என்றால் அதிகாரி முன்னால் வந்துதான் வைக்க வேண்டும், வீட்டிலேயே மை தடவிக் கொண்டுவராதீர்கள். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனுவுக்கு முந்தின நாளாவது தொடங்கிவிடுங்கள். கட்சி வேட்பாளர்கள், தங்களைக் கட்சிதான் நிறுத்துகிறது என்று சொல்லும் ஏ, பி படிவங்களை மையில் கையெழுத்திட்ட அசலாகவே கடைசி நாள் மூன்று மணிக்குள் சேர்க்க வேண்டும், ஜெராக்ஸ் ஆகாது.

மூன்று மணி என்றால் மூன்று மணி. கடைசி நாளில் நல்ல நேரம் பார்த்து, மேளம் அடித்துக்கொண்டு, ஆற்றுப்பாலத்து டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு இரண்டே முக்காலுக்கு வந்து நின்றால் எந்தத் தப்பைத் திருத்துவது? உள்ளே உங்களோடு நாலு பேர்தான் வர முடியும். ஒரு வாரம் முன்னாடி வாருங்கள். மனுவை வாங்கும்போது குறைகளைக் குறித்து ஒரு சீட்டுத் தருவார்கள், அதை மாலைக்குள் சொருகித் தொலைத்துவிடாதீர்கள்.

அவர் போன வாரம் ஆபீசுக்கு வந்திருந்தார். ராஜினாமாவை வாபஸ் வாங்க முடியுமா என்று கேட்டார். அது ஏற்கப்பட்டு எவ்வளவோ நாளாயிற்று. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தவர், “அடுத்த எலெக்‌ஷன்ல அதே வார்டுல நிக்கலாமா சார்?” என்றார். தாராளமாக நிற்கலாம் என்றேன். வாக்காளர் பட்டியலை எடுத்து மேசையில் விரித்தேன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் சம்பந்தி பெயரைத்தான் தேட ஆரம்பித்தார்.