டிஸ்க் போனால் விண்டோஸ் லைசென்ஸும் போய்விடுமா?

"சார், ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. விண்டோஸ் அதுலதானே இருந்துச்சு? அதனால லைசென்ஸும் போயிடுச்சாம். புதுசு வாங்கணுமாம், இல்லன்னா லைஃப்டைம் ஆக்டிவேஷன் பண்ணித் தர்றோம்னு கடையில சொன்னாங்க."

இந்த வசனம் வாரம் தவறாமல் வருகிறது. கடைசியாக இப்படி வந்தது மூன்று வருடம் பழகிய ஒரு லேப்டாப். வாங்கும்போதே விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் லைசென்ஸோடு வந்த இயந்திரம். டிஸ்க்கை மாற்றிய கடையில் புரோ பதிப்பை ஏற்றி, விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபென்டரை அணைத்து, திருட்டுத்தனமாக லைசென்ஸ் காட்டும் ஆக்டிவேட்டர் நிரலை ஓட்டிக் கொடுத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், 'யுவர் ஆர்கனைசேஷன்ஸ் ஆக்டிவேஷன் சர்வீஸ்' மூலம் ஆக்டிவேட் ஆகியிருப்பதாக எழுதியிருக்கிறது. எந்த ஆர்கனைசேஷன்? பத்தாம் வகுப்புப் பிள்ளை ஆன்லைன் டியூஷனுக்கு வைத்திருக்கும் லேப்டாப் அது! காசு கொடுத்து வாங்கிய அசல் லைசென்ஸ் மதர்போர்டில் தூங்குகிறது, அதற்கு மேல் திருட்டு விண்டோஸ் ஓடுகிறது. இந்த வேலைக்குத் தனியாகக் கூலியும் வாங்கியிருக்கிறார்கள்.

ஆகவே இந்த ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நீட்டியே சொல்லிவிடுகிறேன்.

வீடு இடிந்துபோனால் பட்டா போய்விடுமா? பட்டா வீட்டுக்குள் பீரோவில் இருந்தாலும், உரிமை இருப்பது தாலுகா ஆபீஸ் பதிவேட்டில். டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் வெறும் கோப்புகள்தான். அவற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உரிமம் பதிவாகியிருக்கும் இடம் வேறு.

இந்தக் குழப்பத்துக்கு வேர் எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்தில் இருக்கிறது. அப்போது லேப்டாப்பின் அடியில் 25 எழுத்துச் சாவியோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மறுபடி விண்டோஸ் போட்டால் அதைப் பார்த்துத் தட்ட வேண்டும். மடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து எழுத்து அழிந்துவிட்டால் கதை முடிந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததும் இந்த முறை மாறியது. தயாரிப்பாளர்கள் சாவியை மதர்போர்டு சிப்பிலேயே, எம்எஸ்டிஎம் என்ற சிறு அட்டவணையில் பதித்து அனுப்ப ஆரம்பித்தார்கள். இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் தானே அதைப் படித்துக்கொள்ளும். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது டிஜிட்டல் லைசென்ஸ் சேர்ந்தது. ஒருமுறை ஆக்டிவேட் ஆனதும் உங்கள் இயந்திரத்தின் வன்பொருள் அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகிறது. அந்த அடையாளத்தில் பெரும்பங்கு மதர்போர்டுக்கு. டிஸ்க்கை மட்டும் மாற்றினால் சர்வர் கண்டுகொள்வதே இல்லை. அதே பதிப்பை மறுபடி போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால், நீங்கள் டீ குடித்து வருவதற்குள் ஆக்டிவேட் ஆகியிருக்கும். சாவி கேட்டால் 'ஐ டோன்ட் ஹேவ் எ பிராடக்ட் கீ' என்பதை அழுத்திவிட்டுப் போகலாம். அப்படி அழுத்துவது திருட்டு இல்லை. இதற்கென்றே வைத்த பொத்தான்.

விண்டோஸ் 8 வரை மட்டுமே ஓடிய பழைய இயந்திரங்களுக்கு ஒரு விலக்கு உண்டு. 7, 8 சாவிகளை வைத்து 10, 11ஐப் புதிதாக ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டது. ஏற்கெனவே 10க்கு மாறி ஒருமுறையாவது ஆக்டிவேட் ஆன இயந்திரத்துக்கு இதனால் பாதிப்பு இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. எனவே டிஸ்க் மாற்றும் வேளையில், இயந்திரம் தாங்குமானால் நேராக 11ஐயே போடுங்கள். 10க்கு இருந்த டிஜிட்டல் லைசென்ஸ் அதற்கும் செல்லும்.

மேலே சொன்னதில் 'அதே பதிப்பு' என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. நான் பார்க்கும் ஆக்டிவேஷன் கோளாறுகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது. ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் லைசென்ஸ் உள்ள லேப்டாப்பில் புரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. ஆகவும் கூடாது. மைக்ரோசாஃப்டின் அசல் இன்ஸ்டாலராக இருந்தால் போர்டில் உள்ள சாவியைப் பார்த்து, எந்தப் பதிப்பு என்று கேட்காமலே சரியானதைப் போட்டுவிடும். கடைகளில் சுற்றும் 'ஆல் இன் ஒன்' பென் டிரைவ் அப்படியில்லை, பெரும்பாலும் எல்லா இயந்திரத்துக்கும் புரோதான் அதிலிருந்து ஏறும். அப்புறம் ஆக்டிவேட் ஆகவில்லை என்று ஆக்டிவேட்டரை ஓட்டுவார்கள். பிரச்சினையை உண்டாக்கியதும் அவர்கள், தீர்த்ததாகச் சொல்வதும் அவர்கள். இப்படி ஏறிய புரோவை ஹோமாக இறக்க நேர்வழி கிடையாது, மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

இனி வேலைக்கு வருவோம். டிஸ்க் இன்னும் முழுதாகச் சாகவில்லை, இழுத்து இழுத்தாவது விண்டோஸ் திறக்கிறது என்றால் முதலில் தரவு. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நிரலில் 05, சி5, சி6 வரிசைகளில் (கெட்டுப்போன பகுதிகளின் கணக்கு அது) எண் ஏறிக்கொண்டே போனாலோ, டிஸ்க் 'டக் டக்' என்று தட்டினாலோ, டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். தயவுசெய்து ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கிறவரை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது போல அது. முக்கியமான கோப்புகளை முதலில் நகலெடுங்கள். முடியாவிட்டால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு முழு டிஸ்க்கையும் இமேஜாக, அதாவது அச்சு நகலாக எடுத்து, அந்த இமேஜிலிருந்து மீட்கலாம். ஃப்ரீசரில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐஸ்கிரீம் வைக்கிற இடம் அது. எஸ்எஸ்டி என்றால் இந்த அவகாசமும் பல நேரம் கிடைக்காது. காலையில் வேலை செய்தது மாலையில், கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸிலேயே தெரியாது.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. ஹோம் பதிப்பிலும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் அது இருக்கிறது, நீங்கள் கேட்காமலே ஆன் ஆகியும் இருக்கலாம். பழைய டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். அது இல்லாவிட்டால் தரவு மீட்பு நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது. கீ எங்கே இருக்கும்? லேப்டாப்பை முதன்முதலில் செட்டப் செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில். அந்தக் கணக்கு யாருடையது என்பதுதான் வேதனை. வாங்கிய அன்றே கடைப் பையன் தன்னுடைய மெயில் ஐடியை, அல்லது அங்கேயே உருவாக்கி அங்கேயே மறந்துபோன ஏதோ ஒரு ஐடியைப் போட்டிருப்பான். குடும்பப் புகைப்படங்களுக்கான சாவி அவனிடம் இருக்கிறது, அவன் வேலை மாறி எங்கே போனான் என்று தெரியாது. லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். ரிகவரி கீயை ஒரு தாளில் பிரின்ட் எடுத்து ரேஷன் கார்டோடு வையுங்கள்.

புது டிஸ்க் வாங்கும்போது எம்.2 (சின்னக் கார்டு வடிவ எஸ்எஸ்டி) என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். அந்த வடிவத்திலேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இணைப்பு முறைகள் உண்டு. பழைய லேப்டாப் ஸ்லாட் சாட்டா மட்டும் ஏற்பதாக இருந்தால், என்விஎம்இ கார்டு பல நேரம் அழகாக உட்காரும், பயாஸில் மட்டும் தெரியவே தெரியாது. நீளத்தையும் பாருங்கள்: 2280 என்றால் 80 மில்லிமீட்டர், 2242 என்றால் 42. மாட்டும் முன் உள்ளே இருக்கும் பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. அப்புறம், 512 ஜிபி வாங்கினால் விண்டோஸ் 476.9 என்றுதான் காட்டும். யாரும் திருடவில்லை, எண்ணும் முறை வேறு.

இன்ஸ்டால் செய்ய 8 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பென் டிரைவ் ஒன்றும், வேறொரு நல்ல கணினியும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூல் பென் டிரைவில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும், கல்யாண ஆல்பம் இருக்கும் பென் டிரைவை எடுக்காதீர்கள். அதே உட்காரலில் லேப்டாப் மாடலுக்கான ஆதரவுப் பக்கத்திலிருந்து இரண்டு டிரைவர்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வைஃபை. இன்னொன்று இன்டெல் விஎம்டி, டிஸ்க்கை நிர்வகிக்கும் இன்டெல் வசதிக்கானது. 11ஆம் தலைமுறை இன்டெல் முதலான பல லேப்டாப்களில், புது டிஸ்க் பயாஸில் தெரியும், இன்ஸ்டாலரில் பட்டியல் காலியாக இருக்கும். உடனே 'டிஸ்க் டூப்ளிகேட்' என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 'லோட் டிரைவர்' கொடுத்து விஎம்டி டிரைவரைக் காட்டினால் டிஸ்க் தெரிந்துவிடும். இறக்கிய கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டுவிட்டு 'எடுக்க மாட்டேங்குது' என்று நிற்பவர்கள்தான் அதிகம். அதை விரித்து, உள்ளே இருக்கும் .inf என்று முடியும் கோப்புகளோடு ஃபோல்டராக வைக்க வேண்டும். வைஃபை டிரைவரை மறந்துவிட்டால் ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் அது போதும்.

எம்பிஆர், ஜிபிடி (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய, புதிய முறைகள்) என்று பிழை வந்தால் பென் டிரைவைப் புதிய பயாஸ் முறையான யுஇஎஃப்ஐயில் பூட் செய்து, புது டிஸ்க்கில் உள்ள பகுதிகளையெல்லாம் நீக்கி, காலியிடத்தைத் தேர்ந்து நெக்ஸ்ட் கொடுங்கள். தேவையான பகுதிகளை அதுவே பிரித்துக்கொள்ளும்.

அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் ஒன்று: கணினியில் இரண்டாவது டிஸ்க் இருந்தால், விண்டோஸ் போட்டு முடிக்கும்வரை அதைக் கழற்றி வையுங்கள். பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே பூட் கோப்புகளுக்கான இஎஃப்ஐ பகுதி இருந்தால், விண்டோஸைப் புது எஸ்எஸ்டியில் போட்டாலும் பூட் கோப்புகள் பழையதில் போய் உட்கார்ந்துவிடும். எல்லாம் நன்றாக ஓடும். ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்க் சாகும், அல்லது யாராவது கழற்றுவார்கள். அன்று புது எஸ்எஸ்டியும் பூட் ஆகாது. உடனே பழி எஸ்எஸ்டி மேல் விழும்.

எல்லாம் முடிந்தும் ஆக்டிவேட் ஆகவில்லையா? பதறி ஆக்டிவேட்டர் தேடாதீர்கள். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் ஒன்றும் நின்றுவிடாது: மூலையில் ஒரு நீர்முத்திரை இருக்கும், வால்பேப்பர் மாற்ற விடாது, அவ்வளவுதான். நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கிறது. முதலில் தேதியைப் பாருங்கள். பயாஸ் பேட்டரி தீர்ந்த டெஸ்க்டாப்பில் வருடம் பின்னால் போயிருக்கும், சர்வரோடு பேச்சுவார்த்தையே நடக்காது. பிழை எண் 2எஃப்8எஃப் என்று முடியும். தீர்வு ஒரு சிஆர்2032 காயின் பேட்டரி. எஃப்212 என்று முடிந்தால் பதிப்பு மாறிவிட்டது. எஃப்034 என்றால் சாவி தவறு, அல்லது வேறு பதிப்புக்கானது. சி003 என்றால் சாவி தடை செய்யப்பட்டது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய சாவிகளுக்கு இந்தக் கதி அடிக்கடி வருகிறது. எஃப்211 என்றால் வன்பொருள் மாறியதாக சர்வர் நினைக்கிறது. டிஸ்க் மட்டும் மாற்றியதாகச் சொல்லி இந்த எண் வந்தால், மதர்போர்டையும் யாரோ மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

மதர்போர்டு மாறினால் கதை வேறு. லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் அந்த போர்டோடு கட்டுண்டது. தயாரிப்பாளரின் சேவை மையத்தில் மாற்றினால் புது போர்டில் சாவியைப் பதித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். தனியாக வாங்கிய ரீடெயில் லைசென்ஸ் என்றால் கூட வரும்: மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்பே இணைத்திருந்தால் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட்டரை ஓட்டி, 'ஐ சேஞ்ச்ட் ஹார்ட்வேர்' என்பதைத் தேர்ந்தால் போதும்.

ஆக்டிவேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 'லைஃப்டைம்' என்று விற்பதில் பெரும்பாலானவை, பெரிய அலுவலகங்கள் தங்கள் கணினிகளை மொத்தமாக ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் முறையைப் போலி செய்பவை. அசல் கேஎம்எஸ் ஆக்டிவேஷனே 180 நாளுக்குத்தான் செல்லும், அலுவலக சர்வரோடு பேசிப் பேசிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியென்றால் உங்கள் கணினிக்குள் ஒரு போலி சர்வர் ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது யாருடையதோ ஒரு வெளி சர்வரோடு அது பேசிக்கொண்டிருக்கலாம். வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு, யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரலுக்கு நிர்வாகி உரிமை கொடுத்து, அதே கணினியில் நெட் பேங்கிங்கும் செய்கிறீர்கள்.

விண்டோஸ் தானே வந்துவிடும். மற்ற உரிமங்கள் தானே வராது. லேப்டாப்போடு வந்த ஆஃபீஸ், முதலில் ஆக்டிவேட் செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது, அதே கணக்கில் நுழைந்தால் திரும்பக் கிடைக்கும். கணக்கு எழுதும் டாலிக்கு சீரியல் நம்பரும், லைசென்ஸ் பதிவான மெயில் ஐடியும் கையில் வேண்டும். பழைய டிஸ்க்கிலிருந்து லைசென்ஸை சரண்டர் செய்ய (திருப்பி ஒப்படைக்க) முடியாமல் போனாலும் ரீசெட் செய்ய வழி உண்டு. டிடிபி வேலை செய்பவர்கள், பழைய அரசாங்கக் கோப்புகள் வைத்திருப்பவர்கள் பாமினி, வானவில் எழுத்துருக்களையும் சேர்த்து நகலெடுத்து வையுங்கள். கோப்பை மட்டும் மீட்டுவிட்டு எழுத்துரு இல்லாமல் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்தவர்கள் உண்டு.

வேலையைக் கடையில் கொடுத்தீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே நின்று செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று திறக்கச் சொல்லுங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருக்க வேண்டும். 'ஆர்கனைசேஷன்' என்று இருந்தால் மறுபடி போடச் சொல்லுங்கள். பதிப்பு, வாங்கியபோது இருந்ததேதானா என்று பாருங்கள். டிஃபென்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சொந்த மெயில் ஐடியில் நீங்களே நுழையுங்கள். கிளம்பும்போது பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செத்ததுதான் என்றாலும் உங்கள் ஆதார் ஸ்கேனும் பாஸ்புக் படமும் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன.