தோல் உரிந்தாலும் டாட்டூ ஏன் உரிவதில்லை?

"மாதத்துக்கு ஒருமுறை தோல் புதுசாகிறது என்கிறார்களே, அப்புறம் டாட்டூ மட்டும் எப்படி ஆயுசுக்கும் நிற்கிறது?" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார். அருமையான கேள்வி.

முதலில் மெஷின். 1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி மின்சார டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். எடிசனின் மின்சாரப் பேனாதான் அதற்கு முன்னோடி. காயில் (கம்பிச்சுருள்) வகை மெஷினுக்குள் இருப்பது காலிங் பெல்லின் சூட்சுமமே. மின்காந்தம் இரும்புப் பட்டையை இழுக்கும். இழுத்ததும் மின் இணைப்பு அறுந்து காந்தம் விட்டுவிடும். ஸ்பிரிங் பட்டையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். நொடிக்குப் பல பத்து தடவை இப்படி நடப்பதால்தான் அந்த இரைச்சல். ஆஸ்பத்திரி ஊசிபோல் டாட்டூ ஊசியின் நடுவில் துளை கிடையாது. மெல்லிய ஊசிகளைக் கட்டாகப் பற்றவைத்திருப்பார்கள். இடுக்குகளில் தங்கும் மை, குத்திய துளை வழியே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கும்.

உரிவது மேல்தோல்தான். மை தங்குவது அதற்குக் கீழே உள்தோலில். சரி, உள்தோலில் அது ஏன் கரையாமல் இருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தோலில் காயம் பட்டதும் பெருவிழுங்கி (மேக்ரோஃபேஜ்) என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் ஓடி வந்து அந்நியப் பொருள்களை விழுங்கும். கிருமி என்றால் செரித்துவிடும். மையில் இருக்கும் கரித்துகளைச் செரிக்க அவற்றிடம் வழி இல்லை. விழுங்கியதை வயிற்றில் வைத்தபடி அங்கேயே தங்கிவிடும். நாம் பார்க்கும் டாட்டூவில் பெரும்பகுதி இந்தச் செல்களுக்குள் அடைபட்ட மைதான்.

ஆனால் செல்லுக்கும் சாவு உண்டே? பிரான்சின் மார்செய் நகரில் சாந்த்ரீன் ஆன்ரி, பெர்னார் மாலிசன் குழுவினர் எலியின் வாலில் பச்சை மை குத்தினார்கள். பிறகு அங்கிருந்த பெருவிழுங்கிகளை மட்டும் சாகடித்தார்கள். டாட்டூ அப்படியே இருந்தது! செத்த செல்கள் கக்கிய மையைப் புதிதாக வந்த செல்கள் அதே இடத்தில் விழுங்கிக்கொண்டன. டாட்டூ உள்ள தோலை வேறொரு எலிக்கு ஒட்டியும் பார்த்தார்கள். ஆறு வாரத்தில், மையைச் சுமந்த செல்களில் பெரும்பாலானவை இரண்டாம் எலியுடையவை. முடிவுகள் 2018இல் வெளிவந்தன.

"எலி வாலில் பச்சை குத்தவா ஆராய்ச்சிப் பணம்?" என்று கேட்பார்கள். தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பேன். தோலின் நோய் எதிர்ப்புச் செல்களை இவ்வளவு கண்கூடாகக் காட்டும் சோதனைகள் குறைவு. உடனடிப் பயன் என்ன என்று கேட்டே நம் ஊரில் எத்தனையோ நல்ல கேள்விகளை முளையிலேயே கிள்ளிவிடுகிறோம்.

இதற்குப் பயனும் இல்லாமல் இல்லை. டாட்டூவை அழிக்கும் லேசர் மைத்துகளைத் தூளாக்கத்தான் செய்யும். சிறு தூள்கள் நிணநீர் வழியே வெளியேற வேண்டும். அதற்குள் பக்கத்துச் செல்கள் மறுபடி விழுங்கிவிடுகின்றன. டாட்டூவை அழிக்கப் பல முறை போக வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். லேசர் அடிக்கும் நேரத்தில் அந்த இடத்துப் பெருவிழுங்கிகளையும் கொஞ்ச நாள் இல்லாமல் செய்தால் மை சீக்கிரம் போகலாம் என்பது அந்தக் குழுவின் யோசனை.