ஒட்டேடு: ஸ்கிராப்புக் என்னும் சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தோல்செருப்பு, புத்தக அட்டை, பெட்டியில் மடித்து வைத்த பட்டுச்சேலை என வீட்டில் உள்ள எதையும் பூசணம் விட்டுவைப்பதில்லை. அத்தை வீட்டுப் பரணிலிருந்து சென்ற மழைக்காலத்தில் இறக்கிய ஆல்பத்திலும் அதுவே நேர்ந்திருந்தது. பழைய ஒளிப்படத் தாளின் மேற்பூச்சு ஜெலட்டின் என்னும் விலங்குப் புரதத்தால் ஆனது. ஈரக்காற்று நின்றுவிட்ட பெட்டிக்குள் பூசணத்துக்கு அது நல்ல தீனி. எஞ்சிய படங்களையாவது காப்பாற்றலாம் என்று ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, கறை நீக்கி, கணினியிலேயே பக்கம் பக்கமாக அமைக்கும் பொழுதுபோக்கை அப்போதுதான் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அதற்கு எல்லோரும் வழங்கும் பெயர் டிஜிட்டல் ஸ்கிராப்புக்கிங். "அப்படின்னா என்னம்மா?" என்று அத்தை கேட்டபோது ஒரே சொல்லில் விடை கூற முடியவில்லை. விடையைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஸ்கிராப் என்னும் ஆங்கிலச் சொல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் முன்பு வழங்கிய பழைய நார்ஸ் மொழியின் 'ஸ்கிராப்' என்பதிலிருந்து வந்தது. சுரண்டுதல் என்னும் பொருளுடைய வினையோடு உறவுடைய அச்சொல், சுரண்டி எடுத்த மிச்சத்தையும் உதவாத சில்லறைப் பொருளையும் குறித்தது. இரும்புக்கடைக்காரர் எடைபோட்டு வாங்கும் 'ஸ்கிராப்'பும் இதே சொல்தான். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், செய்தித்தாள் நறுக்கு, அச்சுப்படம், கவிதை வரி முதலிய சில்லறைகளை ஒட்டி வைக்கும் வெற்றுப் புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்கிராப்புக் என்று பெயர் வழங்கத் தொடங்கிற்று. மார்க் ட்வெயின் என்னும் அமெரிக்க எழுத்தாளர், பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவப்பட்டு, நனைத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்புத்தகம் ஒன்றுக்கு 1873இல் காப்புரிமையே பெற்றார்.

ஆல்பம் என்பது வேறு வழியில் வந்த சொல். லத்தீனில் 'ஆல்புஸ்' என்றால் வெண்மை. ரோமாபுரியில் பொது அறிவிப்புகளை எழுதி வைத்த வெள்ளைப் பலகைக்கு 'ஆல்பும்' என்று பெயர். அத்தையின் ஆல்பத்தைத் திறந்தாலோ தாள்கள் எல்லாம் கறுப்பு. கறுப்புத் தாளின் நான்கு புறமும் சிறு முக்கோண மூலைகளை ஒட்டி, அவற்றுக்குள் படத்தைச் செருகி, இரண்டு பக்கங்களுக்கு இடையில் சிலந்திவலைக் கோலம் அழுத்திய மெல்லிய கண்ணாடித்தாள் ஒன்றை வைத்துத் தைத்த ஆல்பம் அது. ஒருகாலத்தில் கல்யாண வீடுதோறும் இருந்த அந்த வகையை வாசகர் பலர் கண்டிருப்பர். பெயரில் வெண்மையை வைத்துக்கொண்டு கறுப்பாகவே வாழ்ந்த அந்தப் பொருளை நம்மவர் யாரும் தமிழ்ப்படுத்த முயலவில்லை. முயலத் தேவையும் இருக்கவில்லை.

எனினும் ஆல்பம் வேறு, ஸ்கிராப்புக் வேறு. ஆல்பத்தில் படம் மட்டுமே இருக்கும். அத்தையின் ஆல்பத்தின் கடைசி நான்கு பக்கங்கள் ஆல்பத்தின் இலக்கணத்தை மீறியவை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி நீலகிரியில் குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களுள் அவர்களுடையதும் ஒன்று. அந்த நான்கு பக்கங்களில் தலைமன்னாரில் கப்பலேறிய சீட்டின் பாதி, தோட்டத்துச் சம்பளத் துண்டு, ஒரு தபால்தலை, தாத்தாவின் கையெழுத்தில் ஊர்ப்பெயர் எழுதிய தாள் ஆகியவை மாவுப்பசையால் ஒட்டப்பட்டிருந்தன. வேறு எந்த வீட்டிலும் குப்பைக்குப் போயிருக்கக்கூடிய இந்த நான்கு பொருள்தான் ஸ்கிராப் என்னும் சொல்லின் பொருள். எனவே தமிழ்ச்சொல் எதுவாயினும் அந்தச் சில்லறைத்தன்மையை அது விட்டுவிடக் கூடாது என்பது என் துணிபு.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பலரும் முதலில் சொல்லும் 'நினைவேடு' தேறாது. நாட்குறிப்பும் நினைவேடுதான், இறந்தவருக்கு வெளியிடும் மலரும் நினைவேடுதான். எதற்காகச் செய்கிறோம் என்பதை அது கூறுகிறதேயன்றி, என்ன செய்கிறோம் என்பதைக் கூறவில்லை. 'துணுக்கு' என்பது வார இதழ்களில் பக்கத்தின் அடியில் எஞ்சிய இடத்தை நிரப்பும் சிறு செய்தியாக நமக்கு நன்கு அறிமுகமான சொல். ஆகவே துணுக்கேடு எனலாம் என்று தோன்றியது. 'நறுக்கு' இன்னும் பழையது. பனையோலையில் வெட்டியெடுத்த சிறு துண்டுக்கு ஓலைநறுக்கு என்று பெயர், அதில் செய்தி எழுதி அனுப்பும் வழக்கமும் இருந்தது. எனவே நறுக்கேடு என்பது பொருளளவில் மிகப் பொருத்தமாகவே அமைந்தது. ஆனால் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சீர்கேடு, முறைகேடு, சுகாதாரக்கேடு என்ற வரிசையில் 'நறுக்கேடு' போய் உட்கார்ந்துகொள்கிறது. புணர்ச்சி விதிப்படி சொல்லில் குற்றமில்லை. காதுதான் ஏற்க மறுக்கிறது. கேட்டவுடன் கெடுதல் நினைவுக்கு வரும் சொல்லைப் பொழுதுபோக்குக்குப் பெயராக வைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

எஞ்சியது 'ஒட்டேடு'. முதலில் இதன் மேல் எனக்கு ஐயம் இருந்தது: பசையே இல்லாத கணினியில் ஒட்டுவது ஏது? ஒட்டு என்னும் சொல்லின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபின் அந்த ஐயம் நீங்கிற்று. பசையால் சேர்ப்பது மட்டும் ஒட்டு அன்று. கிழிந்த சட்டைக்குப் போடும் துணித்துண்டும் ஒட்டு. ஒட்டுப் போட்ட சட்டை என்றே சொல்கிறோம். ஆக, சேர்க்கும் தொழிலையும் சேர்க்கப்படும் துண்டையும் ஒரே சொல் சுமக்கிறது; ஸ்கிராப் என்பதன் சில்லறைத்தன்மை இந்த இரண்டாம் பொருளில் முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. தோட்டக்காரர் ஒரு செடியின் கிளையை இன்னொன்றன் தண்டோடு சேர்த்துக் கட்டி வளர்ப்பதும் ஒட்டுக்கட்டுதல். அங்கே துண்டு உயிர்பெற்று விடுகிறது. மேலும், 'ஒட்டி உறவாடுதல்' என்கிறோம். திருக்குறளில் மானம் அதிகாரத்தில் வரும் 'ஒட்டார்' என்பதற்கு மனம் பொருந்தாதவர் என்பது பொருள். குடும்பப் படங்களைச் சேர்த்து வைக்கும் ஏட்டுக்கு உறவைக் குறிக்கும் வேரே அமைந்திருப்பது தற்செயல்தான் என்றாலும், நல்ல தற்செயல்.

இரண்டாம் பாதியாகிய ஏடு இன்னும் வளமானது. ஏடு என்றவுடன் பனையோலையும் நாளேடும் நினைவுக்கு வரும். ஆயினும் அதன் அடிப்படைப் பொருள் மெல்லிய தகடு போன்ற படலம் என்று கொண்டால் மற்றவை எல்லாம் அதனுள் அடங்கிவிடும். இலக்கியத்தில் 'ஏடவிழ் தார்' என்னுமிடத்தில் ஏடு பூவின் இதழ். காய்ச்சிய பாலை மலைக்குளிரில் மூடாமல் வைத்தால் சற்று நேரத்தில் மேலே படியும் ஆடைக்கும் பாலேடு என்று பெயர்.

படத்திருத்தம் கற்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கருவி 'லேயர்' எனப்படுவது. அடியில் பின்னணித் தாள், அதன்மேல் படம், அதன்மேல் கப்பல்சீட்டு, அதன்மேல் எழுத்து என ஒவ்வொன்றும் தனித்தனிப் படலமாக, ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை நகர்த்தக்கூடியவாறு அமைந்திருக்கும். இதை இப்போது 'அடுக்கு' என்று மொழிபெயர்க்கின்றனர். அடுக்கு என்பது பல சேர்ந்த தொகுதிக்கே பொருந்தும். அடுக்கில் உள்ள ஒன்றுக்கு ஏடு என்பதே பொருத்தமான பெயர். ஏடுகள் சேர்ந்தது அடுக்கு. அந்த வகையில் ஒட்டேடு என்னும் பெயருக்குள்ளேயே இந்தக் கலையின் இயந்திரம் முழுவதும் இருக்கிறது.

பசை இல்லையே என்ற கேள்விக்கும் கணினி விடை வைத்திருக்கிறது. மேல் ஏட்டில் உள்ள சீட்டுக்குக் கீழே மெல்லிய நிழலொன்றைச் சேர்த்தால்தான் அது தாளின்மேல் ஒட்டப்பட்டதுபோல் தோன்றும். நிழல் இல்லையெனில் தாளிலேயே அச்சிட்டதுபோல் தட்டையாகிவிடும். நான் அமைத்த முதல் பக்கத்தில் படத்தின் நிழல் வலப்புறமும் சீட்டின் நிழல் இடப்புறமும் விழுந்திருந்தன. பக்கத்தில் ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்ததேயன்றி, ஒரே பக்கத்துக்கு இரண்டு சூரியன்களை வைத்துவிட்டேன் என்பது விளங்க இரண்டு நாளாயிற்று.

இனி, துணைச்சொற்கள் சிலவற்றையும் பார்த்துவிடலாம். போட்டோகிராபி என்பது ஒளி, வரைவு என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை; 1839இல் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அறிவியலாளர் அதைப் பயன்படுத்தியபின் உலகெங்கும் பரவிற்று. ஒளிப்படம் என்பது அதன் நேர்பெயர். புகைப்படம் மக்கள் நாவில் வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்க வேண்டியதில்லை. நீலகிரியில் இச்சொல்லுக்குத் தனி உரிமை உண்டு என்றுகூடச் சொல்வேன்: உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை உருவாக்கி நாடெங்கும் அனுப்பியது. ஆலை இருந்த பகுதிக்கு இந்து நகர் என்றே பெயர். இந்து என்பது இங்கே நிலவு.

எடிட்டிங் என்பதற்குத் 'தொகுப்பு' திரைப்படத்தோடு கட்டுண்டுவிட்டது. பல துண்டுக் காட்சிகளைக் கோப்பதற்கு அது பொருந்தும், ஒற்றைப் படத்துக்குப் பொருந்தாது. படத்திருத்தம் என்பதே போதும். பழைய ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவின்மேல் கூரிய பென்சிலால் முகத்தின் வடுவை மறைத்ததை 'டச்சப்' என்றனர். கணினியில் பூசணக் கறையின் பக்கத்திலுள்ள நல்ல பகுதியைப் படியெடுத்துக் கறையின்மேல் வைப்பதும் அதே வேலைதான்.

'கிராப்' என்னும் சொல்லிடம் நான் சண்டையிட்டிருக்கிறேன். கைப்பேசிச் செயலி ஒன்றைத் தமிழ் முகப்புக்கு மாற்றியபோது, படத்தின் ஓரத்தை வெட்டும் பொத்தானில் 'பயிர்' என்று எழுதியிருந்தது. கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் ஊரில் இருந்துகொண்டு அதை அழுத்த எனக்கு மனம் வரவில்லை. மொழிபெயர்ப்பு நகைப்புக்குரியதே என்றாலும், ஆங்கிலத்தில் பயிருக்கும் ஓரம் வெட்டுவதற்கும் 'கிராப்' என்பதே சொல், இரண்டும் ஒரே வேர்தான்: பழைய ஆங்கிலத்தில் செடியின் தலைப்பகுதியைக் குறித்த சொல், தலையைக் கொய்வதையும் கொய்து கிடைத்த விளைச்சலையும் குறிக்கலாயிற்று. தமிழில் 'செதுக்கு' என்று எழுதுகின்றனர். செதுக்குவது சிற்பிக்குரிய நுண்வேலை; நான்கு ஓரத்தையும் நேர்கோட்டில் வெட்டுவதற்கு 'ஓரம் நறுக்கு' என்பதே தெளிவு. எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டக்காரரிடம் காட்டினால் 'கவாத்து' என்பார்; ஓங்கி வளர்ந்த தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குவதற்கு அவர்கள் வழங்கும் சொல் அது, மலைக்கு மட்டும் அது போதும். 'மாஸ்க்' என்பதை முகமூடி என்று எழுதுவதையும் ஏற்க முடியவில்லை. அது படத்தில் வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைத்து வைப்பது. வெள்ளை பூசிய இடம் தெரியும், கறுப்பு பூசிய இடம் தெரியாது. மறைப்பு என்றால் முடிந்தது.

டிஜிட்டல் என்பதற்கு எண்ம, எண்ணிம, இலக்கமுறை எனப் பல வழக்குகள் உள்ளன. லத்தீனில் விரலைக் குறித்த சொல் எண்ணாகித் திரிந்து வந்தது அது. நாமும் விரல்விட்டுத்தான் எண்ணுகிறோம். நாளிதழ்களில் பழகிவிட்ட 'எண்ம' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் எண்மர் என்றால் எட்டுப்பேர் என்று படித்தவர்களுக்குச் சற்றே உறுத்தும். என்னைக் கேட்டால், அடைமொழியே வேண்டாம். பொதுவழக்கிலுள்ள பக்க அளவு 12 அங்குலச் சதுரம். அங்குலத்துக்கு 300 படப்புள்ளி வீதம் அகலத்தில் 3,600 புள்ளி, உயரத்திலும் 3,600 புள்ளி. அந்த அளவில் அமைத்துவிட்டால் அதைத் திரையிலும் பார்க்கலாம், தாளிலும் அச்சிட்டுத் தைக்கலாம். தாளில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் அது ஒட்டேடுதான்; எதில் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் 'எண்ம ஒட்டேடு' எனலாம்.

சொல்லைக் கையாளும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒட்டு என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு, ஏடு என்பதன் முதலெழுத்து மெய்மேல் ஏறி ஒட்டேடு ஆகிறது. வேற்றுமை உருபு சேரும்போது வீடு, காடு என்பவற்றைப்போல் டகரம் இரட்டிக்கும். ஒட்டேட்டில், ஒட்டேட்டுக்கு, ஒட்டேட்டுப் பக்கம் என்றே எழுத வேண்டும், 'ஒட்டேடில்' பிழை. ஒட்டேட்டுக் கலை என்பது பொழுதுபோக்கின் பெயர். ஒட்டேடு அமைத்தல் என்பது வினை.

இத்தனையும் முடித்துப் புதிய சொல்லை அத்தையிடம் சொன்னேன். "ஒட்டடையா? அதை அடிச்சுட்டுத்தானே உனக்குப் பரண்ல இருந்து எடுத்துக் குடுத்தேன்" என்றார். கையில் ஆல்பம் திறந்திருந்தது. இருவருக்கும் நடுவே அந்தச் சிலந்திவலைத் தாள்.