பேக்கிங் லிஸ்ட் தொலைந்த ஃபைல்

"ஏனுங்க, போன வாரம் வரைக்கும் நல்லாத் தொறந்த கூலிக் கணக்கு இப்பத் தொறக்க மாட்டேங்குதுங்க. உள்ளே இருந்ததெல்லாம் போயிருச்சுங்களா?"

திருப்பூர் பக்கம் பவர் டேபிள் யூனிட் (பனியன் துணி தைக்கும் சிறு கூடம்) நடத்தும் வாசகர் ஒருவர் வெள்ளிக்கிழமை ராத்திரி கேட்டது இது. விடிந்தால் சம்பளம். பென் டிரைவில் எக்செல் ஃபைலை ஏற்றும்போது கரண்ட் போய்விட்டதாம். கம்ப்யூட்டர் வாங்கிய நேரம் சரியில்லை என்று வீட்டில் பேச்சு. நேரத்தின் மேல் பழி போட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும். எனக்கு அதுதான் வருத்தம்.

திறக்கும் மென்பொருள் இல்லை, ஃபைல் பெயரின் கடைசியில் வரும் எக்ஸ்டென்ஷனை யாரோ மாற்றிவிட்டார்கள், பாதிதான் டவுன்லோட் ஆனது: வழக்கமான இந்தக் காரணங்கள் எதுவும் இங்கே இல்லை. ஃபைலின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் நிரலில் திறந்து பார்த்தேன். முதல் வரியில் 80, 75, 3, 4. அதைப் பார்த்ததும் நிம்மதி. 80-ம் 75-ம் கம்ப்யூட்டர் கணக்கில் 'பி', 'கே' என்ற ஆங்கில எழுத்துகள். பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் ஜிப் வடிவத்தை 1989-இல் உருவாக்கிய ஃபில் கேட்ஸின் (Phil Katz) தலைப்பெழுத்துகள். எக்செல் 2007 கொண்டுவந்த ஃபைல் வகை உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டைதான்.

ஜிப்பின் அமைப்பு திருப்பூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஏற்றுமதிக்குப் போகும் ஒவ்வொரு அட்டைப் பெட்டியிலும் ஸ்டிக்கர் இருக்கும்: என்ன ஸ்டைல், என்ன சைஸ், எத்தனை பீஸ். எல்லாப் பெட்டிகளுக்கும் சேர்த்து ஒரு பேக்கிங் லிஸ்ட் தனியாக இருக்கும். ஜிப்பிலும் ஒவ்வொரு உள்ஃபைலுக்கும் முன்னால் 80, 75, 3, 4 என்று ஒரு ஸ்டிக்கர். எது எங்கே இருக்கிறது என்ற முழுப் பட்டியல் ஃபைலின் கடைசியில். ஏன் கடைசியில்? பெட்டியில் அடைத்து முடித்த பிறகுதான் அளவு தெரியும். பின்னால் இன்னொரு பெட்டி சேர்ந்தால், முன்னால் இருப்பதைத் தொடாமல் பட்டியலை மட்டும் புதிதாக எழுதினால் போதும். எவ்வளவு சிக்கனமான யோசனை!

ஆனால் திறக்கும் மென்பொருள் முதலில் தேடுவது அந்த வாலைத்தான். வாசகரின் ஃபைலில் வால் முழுக்க வெறும் சுழியங்கள். லிஸ்ட் இல்லாததால் கண்டெய்னரையே திருப்பி அனுப்பியது போல, எக்செல் மொத்தத்தையும் மறுத்துவிட்டது. சரக்கு உள்ளேதான் இருந்தது.

மூலத்தைத் தொடாமல் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, ஜிப்பைப் பழுது பார்க்கும் நிரலை அதில் ஓடவிட்டேன். அது ஸ்டிக்கர் ஸ்டிக்கராகப் படித்துப் புதுப் பட்டியல் போடும். கேட்ஸ் ஜிப்பின் அமைப்பைப் பொதுவில் வெளியிட்டதால்தான் இப்படியொரு நிரலை எவரும் எழுத முடிகிறது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான நம் தமிழ் ஆவணங்களை மீட்கும் ஆராய்ச்சிக்கும் இதே திறந்த மனதோடு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கூலித் தொகைகள் அத்தனையும் வந்துவிட்டன. பெயர்கள் வரவில்லை. எக்செல் எழுத்துகளைத் தனியொரு உள்ஃபைலில் போட்டுவைத்து, கட்டத்தில் அவற்றின் வரிசை எண்ணை மட்டும் குறிக்கும். இந்த ஃபைலில் அந்தப் பெட்டி வாலோடு போயிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 4, 5, 6 என்றிருந்தது.

போனில் தொகைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். "அது ஓவர்லாக் அக்காங்க. அடுத்தது பேட்லாக் தம்பிங்க..." தொகையை வைத்தே, ஓட்டும் தையல் மெஷினின் பெயரோடு பதினான்கு பேரையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் அவர் போனை வைத்தார்.